கறிவேப்பிலைக்குக் கட்டிய கூடாரம்

போன செவ்வாய்க்கிழமை ஒரு பொய் சொன்னேன்.

பெரிய பொய் என்று சொல்ல முடியாது. ஒரே ஒரு சொல்தான். அதுவும் ஆங்கிலத்தில்... யெஸ்.

கேட்டவர் ஆஸ்பத்திரி நர்ஸ். நிமோனியா என்று மூன்று வாரமாக அங்கே படுத்திருந்த என் கணவரை வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்பலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அனுப்புவதற்கு முன்னால் ஒரு படிவம் நிரப்ப வேண்டுமாம். வீட்டில் படிக்கட்டு இருக்கிறதா? இல்லை. குளியலறையில் கைப்பிடி இருக்கிறதா? இருக்கிறது. வீடு சூடாக இருக்குமா?

அந்த மூன்றாவது கேள்விக்குத்தான் அந்த யெஸ்.

அவர் இருக்கும் அறை பதினெட்டு டிகிரிக்குக் கீழே போகக்கூடாது, அந்த நுரையீரல் இப்போது குளிரைத் தாங்காது என்றார் நர்ஸ். வீட்டில் சூடு போதாவிட்டால் கூச்சப்படாமல் சொல்லுங்கள், இன்னும் இரண்டு வாரம் வேறொரு பராமரிப்பு இடத்தில் வைத்திருக்க ஏற்பாடு செய்யலாம் என்றும் சொன்னார். நல்ல மனுஷி. சிரித்த முகத்தோடுதான் சொன்னார்.

இவர் கட்டிலில் சாய்ந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று வாரத்தில் ஆள் பாதியாகிவிட்டார். நர்ஸ் போனதும் மெல்லச் சொன்னார்:

"என்னை வீட்டை கூட்டிக்கொண்டு போம்."

அன்று காலை எங்கள் வீட்டு ஹாலில் எத்தனை டிகிரி தெரியுமா? பதின்மூன்று. ஹீட்டரை முப்பதில் வைத்தும் பதின்மூன்று!

சிட்னியில் குளிரா என்று சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். மெல்பேர்னில் இருக்கும் என் மகள் துஷியே சிரிப்பாள். ஜூலை மாதம் காலை ஆறரை மணிக்கு பென்டில் ஹில் ஸ்டேஷனுக்கு நடந்து பார்த்தால் அந்தச் சிரிப்பு வராது. கார்க் கண்ணாடியில் படிந்த உறைபனியில் விரலால் பெயர் எழுதலாம். இங்கே பழைய வீடுகளை வெயிலுக்கென்றே கட்டியிருக்கிறார்கள். மெல்லிய சுவர், ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், கதவுக்கு அடியில் விரல் நுழைகிற இடைவெளி. முழு வீட்டையும் சூடாக்க எங்களுக்கிருக்கிற ஒரே துணை ஹால் சுவரில் மாட்டியிருக்கும் ரிவர்ஸ் சைக்கிள் ஏசிதான். வெயில் காலத்தில் குளிர் தரும், குளிர் காலத்தில் சூடு தரும். வீட்டுக்குள்ளே ஒரு பெட்டி, வெளியே பக்கச் சுவரோரம் மின்விசிறி வைத்த இன்னொரு பெட்டி, இரண்டுக்கும் நடுவே ஒரு குழாய்.

அந்த ஏசி இவருடைய ராஜ்யம். எனக்கு அதில் வாக்குரிமைகூடக் கிடையாது. ரிமோட் இவருடைய கதிரையின் இடது கைப்பிடியில், வாங்கிய நாளில் போட்ட பொலித்தீன் உறையோடு, பதினொரு வருடமாக இருக்கிறது.

வாராவாரம் என்னைப் படிக்கிறவர்களுக்கு நினைவிருக்கும். போன வருடமும் இதே மாதத்தில் எங்கள் வீட்டில் சூடு வராமல் போனது. மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்றேன். தேவையில்லை என்று சொல்லிவிட்டு, டூல் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வீட்டின் பக்கவாட்டுக்குப் போனார். கிட்ட வராதேயும் என்று எனக்கு உத்தரவு. இரண்டு மணி நேரம் கழித்து வந்தார். வீடு சூடாகிவிட்டது! கையால் திருத்தத் தெரிந்த கணவன் வாய்ப்பது எவ்வளவு பெரிய கொடுப்பினை என்று இந்த இடத்தில் ஒரு பக்கம் எழுதினேன். பலர் பாராட்டி மடல் போட்டீர்கள். அவர் அதை வெட்டி வைத்திருக்கிறார்.

இப்போது அவர் வீட்டில் இல்லை. வெள்ளிக்கிழமை வந்துகொண்டிருந்தது.

செவ்வாய் பின்னேரமே மெக்கானிக்குகளுக்குப் போன் போடத் தொடங்கினேன். குளிர் காலத்தில் ஏசி மெக்கானிக் பிடிப்பதை விட கல்யாணத் தரகரைப் பிடிப்பது சுலபம். ஒருவர் அடுத்த வியாழன் என்றார். இன்னொருவர் போனையே எடுக்கவில்லை. கடைசியில் கிடைத்தவர் அன்ரன். மன்னார்க்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும், எங்கள் ஏசியைச் சுவரில் பூட்டியவரே அவர்தான். மெரிலேண்ட்ஸில் ஒரு பெரிய வேலையில் நிற்பதாகவும், திங்கட்கிழமைக்கு முன் வரவே முடியாது என்றும் சொன்னார். நான் வெள்ளிக்கிழமை விஷயத்தைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, முதலில் உள்ளே இருக்கிற பெட்டியின் முகப்பைத் திறந்து ஃபில்டரைக் கழற்றிப் பார்க்கச் சொன்னார்.

ஃபில்டரா? அதற்குள் அப்படி ஒன்று இருப்பதே எனக்குப் புதிய செய்தி.

துஷிக்குச் சொன்னேன். பேசாமல் ஒரு ஃபேன் ஹீட்டர் வாங்குங்கள் அம்மா என்றாள். ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அதையும் ரைஸ் குக்கரையும் ஒன்றாகப் போட்டால் வீட்டில் பாதி மின்சாரம் போய்விடும். சோறா, சூடா என்று இவரைக் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா?

புதன்கிழமை காலை ஏணியை வைத்தேன். ஐம்பத்தொன்பது வயதில் ஏணி ஏறுவதைத் துஷிக்குச் சொல்லவில்லை. முகப்பைத் திறந்து ஃபில்டரை உருவினால்... அதை ஃபில்டர் என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை. பழைய கம்பளித் துண்டு மாதிரி இருந்தது.

காரணம் எனக்குத் தெரியும். எங்களுக்கு இரண்டு குசினி. உள்ளே ஒன்று, கராஜில் ஒன்று. மீன் பொரிப்பதும் மிளகாய் வறுப்பதும் கராஜில்தான்... இந்தப் பக்கத்துத் தமிழ் வீடுகள் பலவற்றில் கார் வெளியே நிற்பதும் அடுப்பு உள்ளே நிற்பதும் இதனால்தான். ஆனால் இந்தக் குளிரில் கராஜில் யார் போய் நிற்பது? இரண்டு மாதமாக எல்லாத் தாளிப்பும் உள்ளேதான் நடந்தது. கடுகும் எண்ணெய்ப் புகையும் வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியும் நேரே அந்த ஃபில்டருக்குள் போய்ப் படிந்திருக்கின்றன. மூன்று தண்ணீர் மாற்றி, பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டு, பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்து, நிழலில் காயவைத்து, திரும்பப் பூட்டினேன்.

காற்று பலமாக வந்தது. மருந்துக் கடையில் வாங்கிய சின்னத் தெர்மோமீட்டர் மத்தியானத்தில் பதினைந்து காட்டியது.

சந்தோஷம்தான். ஆனால் பதினைந்து பதினெட்டு இல்லையே!

இந்த இடத்தில் இவருடைய கறிவேப்பிலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

இந்த ஊரில் கறிவேப்பிலை வளர்ப்பது பிள்ளை வளர்ப்பதை விடக் கஷ்டம். பிள்ளையாவது பதினெட்டு வயதில் வேறு வீட்டுக்குப் போய்விடும். இது சாகும்வரை நம் கவனிப்பில்தான் இருக்கும். இவர் தன்னுடைய செடியை ஒரு பெரிய மண் சாடியில் வைத்து, மீன் கழுவின தண்ணீர் ஊற்றி, இலை இலையாக எண்ணி வளர்க்கிறார். இந்தக் குளிருக்கு அதைக் கொண்டுபோய் லோண்ட்ரி ஜன்னலோரம் வைத்திருந்தார். உடுப்புத் தோய்க்கப் போனால் என் முகத்தில் கறிவேப்பிலை இடிக்கும். வெளியே வையுங்கள் என்றால் கேட்க மாட்டார். காரணமும் சொல்ல மாட்டார்.

இவர் ஆஸ்பத்திரிக்குப் போன நாலாம் நாள் எனக்கு ஒரு யோசனை வந்தது. லோண்ட்ரியிலும் குளிர்தானே? செடி வாடத் தொடங்கியிருந்தது. இவர் திரும்பி வரும்போது அது செத்துக் கிடந்தால் நான் என்ன முகத்தோடு நிற்பேன்? ஏசியின் வெளிப்பெட்டி இருக்கிறதே... வெயில் காலத்தில் அதற்குப் பக்கத்தில் நின்றால் என்ன மாதிரிச் சூட்டை ஊதும்! சாடியை உருட்டிக்கொண்டுபோய் அந்த விசிறிக்கு நேர் எதிரே வைத்தேன். சூடு வீணாகக்கூடாது என்று பெட்டியையும் செடியையும் சேர்த்து, மழைக்கு விரிக்கும் நீலத் தறப்பாளால் மூடி, நாலு பக்கமும் செங்கல் வைத்தேன். சின்னக் கூடாரம் ஒன்று தயார். என்னை நானே மெச்சிக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக ஓடிய ஓட்டத்தில் பிறகு அதைத் திறந்து பார்க்க நேரம் இருக்கவில்லை.

சிலருக்கு இப்போதே சிரிப்பு வந்திருக்கும். பொறுங்கள்.

வியாழன் காலை ஏழரை மணி. ஏசி திடீரென்று அடங்கிவிட்டது. காற்றே இல்லை. என்ன என்று பக்கத்து ஜன்னலால் எட்டிப் பார்க்கிறேன்... தறப்பாளின் விளிம்புகளால் வெள்ளைப் புகை!

எரிகிறது என்று நினைத்தேன். நாளைக்கு மனுஷன் வருகிறார், இன்றைக்கு ஏசி எரிகிறது. அடுப்பில் தேநீருக்குக் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீர்ப் பாத்திரத்தையே தூக்கிக்கொண்டு ஓடினேன். தறப்பாளை இழுத்து எறிந்தால் நெருப்பு இல்லை. வெளிப்பெட்டியின் பின்பக்கம் முழுவதும் ஐஸ். குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டு மாதிரி, இரண்டு விரல் தடிப்பில் வெள்ளை வெளேரென்று ஐஸ். முன்னால் கறிவேப்பிலை கறுத்துச் சுருண்டு நின்றது.

கையில் கொதிநீர். எதிரே ஐஸ். ஊற்றிவிடலாமா?

என்ன தோன்றியதோ, பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு அன்ரனுக்கு வீடியோ கால் போட்டேன். அவர் வேனுக்குள் இருந்து எடுத்தார். கேமராவைப் பெட்டிப் பக்கம் திருப்பச் சொன்னார். திருப்பினேன். கீழே கிடந்த தறப்பாள், செங்கல், செடி எல்லாவற்றையும் காட்டினேன். அவர் திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்தார்.

"அக்கா, இதை ஆர் மூடினது?"

"நான்தான் தம்பி. சூட்டுக்கு."

"குறை நினையாதேங்கோ. இந்தப் பெட்டி வெய்யில் காலத்திலதான் சூடு ஊதும். இப்ப அது ஊதுறது குளிர். வெளிக்காத்தில இருக்கிற சூட்டை எடுத்து வீட்டுக்குள்ள அனுப்பிப்போட்டு, மிஞ்சின குளிரை வெளிய தள்ளுது."

"மூண்டு டிகிரிக் காத்தில என்ன சூடு தம்பி இருக்கு?"

"இருக்கு அக்கா. கொஞ்சமா இருக்கும். அதைப் பொறுக்கிப் பொறுக்கித்தான் உள்ள கொண்டு வருது. நீங்கள் அதின்ர மூக்கைப் பொத்திப்போட்டியள்."

மிச்சத்தை அவர் பொறுமையாக விளக்கினார். தான் ஊதிய குளிர்காற்றையே திரும்பத் திரும்பக் கூடாரத்துக்குள் சுவாசித்து அந்தப் பெட்டி உறைந்துபோயிருக்கிறது. உறைந்தால் அது தானாகவே சூடு தருவதை நிறுத்தி, ஐஸை உருக்கிவிட்டு மறுபடி ஓடும். அப்போது வருவது புகை இல்லை, நீராவி. குளிர்ந்த காலைகளில் எப்போதாவது அப்படி நின்று ஓடுவது அதன் வழக்கமான வேலைதான். என்னுடைய பெட்டியோ நாள் முழுக்க உறைவதும் உருகுவதுமாக நின்றிருக்கிறது. வீட்டைச் சூடாக்க அதற்கு எங்கே நேரம்?

கொதிநீர் ஊற்றாமல் விட்டதற்குப் புனித அந்தோனியாருக்கு நன்றி சொல்லச் சொன்னார். ஊற்றியிருந்தால் திங்கட்கிழமை வந்து புதிய பெட்டிதான் பூட்ட வேண்டியிருக்குமாம். கத்தியால் ஐஸைச் சுரண்டவும் கூடாது. பெட்டியை நிறுத்திவிட்டு, சுற்றிலும் இடம் விட்டு, வெயில் பட விடுங்கள், தானாக உருகும் என்றார்.

வெட்கமாக இருந்தது. அதை விட அதிகமாகப் பயமாக இருந்தது. இன்னும் ஒரு நாள்தான்.

யோசித்துப் பார்த்தால், நாங்கள் எதையும் மூடிக் கட்டுகிற சனம். புது சோபாவின் பிளாஸ்டிக்கைக் கழற்ற மாட்டோம். ரிமோட்டுக்கு உறை. டீவிக்குப் பூப்போட்ட துணி. துஷியின் ஆரம்பப் பள்ளிப் படங்கள் எல்லாவற்றிலும் காதுவரை இழுத்த கம்பளித் தொப்பிதான் தெரியும், பிள்ளையைத் தேட வேண்டும். ஒன்றின்மேல் அன்பு வந்தால் உடனே அதைப் பொத்தி வைத்துவிடுகிறோம். அதற்கு மூச்சு முட்டுமா என்று கேட்பதில்லை. கேட்டிருந்தால் எனக்கு இரண்டரை வாரக் குளிர் மிச்சமாகியிருக்கும்.

சரி, புலம்பி என்ன பயன்? வேலையைத் தொடங்கினேன்.

சாடியை உருட்டித் திரும்ப லோண்ட்ரிக்குக் கொண்டுபோனேன். செங்கற்களை அகற்றினேன். பெட்டிக்குப் பின்னால் சருகு, சிலந்திக்கூடு, எப்போதோ காணாமல் போன ஒரு காலுறை... எல்லாவற்றையும் கூட்டி அள்ளினேன். கதவுகளுக்கு அடியில் பழைய துவாயைச் சுருட்டி வைத்தேன். பத்தரை மணிக்கு வெயில் சுவரில் ஏறியது. ஐஸ் பலகை பலகையாக விழுந்தது. கதிரையைப் போட்டுக்கொண்டு அதற்கு எதிரே உட்கார்ந்து பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் பார்த்து, தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

பன்னிரண்டு மணிக்கு அன்ரன் சொன்னபடி மறுபடி போட்டேன். முப்பதில் வைத்தால் வேகமாகச் சூடாகும் என்பது என் எண்ணம். அப்படி இல்லையாம். இருபத்திரண்டில் வைத்துவிட்டு ரிமோட்டைத் தொடாமல் இருக்க வேண்டுமாம். காற்று வருகிற தகட்டைக் கீழ்நோக்கித் திருப்ப வேண்டும்... சூடு தானாகவே மேலே போய்விடும், சீலிங்குக்கா நிமோனியா? அறைக் கதவுகளைச் சாத்த வேண்டும். வெளியே போகும்போதெல்லாம் நிறுத்திவிட்டு வந்து போடக்கூடாது. இதையெல்லாம் செய்ய முதலில் ரிமோட்டின் பொலித்தீன் உறையைக் கிழித்தேன். மங்கலாகத் தெரிந்த பொத்தான்கள் பதினொரு வருடத்தில் முதல் முறையாகத் தெளிவாகத் தெரிந்தன.

ஒரு மணிக்குப் பதினாறு. இரண்டரைக்குப் பதினெட்டு. அந்தப் பதினெட்டைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். சொல்வதற்கென்ன வெட்கம்? ஐந்து மணிக்கு இருபது. வெளியே இருள் வந்தது, குளிர் வந்தது. உள்ளே இருபது இறங்கவே இல்லை.

மிஞ்சியது கறிவேப்பிலை.

அதற்கும் ஒரு திருட்டு யோசனை வைத்திருந்தேன். கடைத்தெருவுக்குப் போய் அதே உயரத்தில் வேறொரு செடி வாங்கி அதே சாடியில் வைத்துவிட்டால்? ஆனால் கடைக்காரர் இந்தக் குளிரில் செடி ஏது அன்ரி என்று, பொலித்தீன் பையில் அடைத்த நாலு இலையைக் காட்டினார். ஒரு வாரத்தில் இரண்டாவது பொய்க்கு வழியில்லாமல் போனது.

வெள்ளிக்கிழமை காலை வீட்டை விட்டு வெளிக்கிட முன் தெர்மோமீட்டரைப் படம் எடுத்தேன். நர்ஸ் கேட்காமலேயே காட்டினேன். செவ்வாய்க்கிழமை யெஸ் அன்றைக்குத்தான் உண்மையானது.

வீட்டு வாசலில் இவரைக் கைத்தாங்கலாக இறக்கினேன். மெல்ல நடந்து வந்து தன் கதிரையில் இருந்தார். மூச்சு வாங்கியது. கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு கையை உயர்த்தி, தலையிலிருந்த கம்பளித் தொப்பியைத் தானாகவே கழற்றினார். கழுத்துத் துண்டையும் கழற்றினார். அந்தப் படிவத்தை நிரப்பிய நர்ஸ் அங்கே நின்று அதைப் பார்த்திருக்க வேண்டும்.

"நல்ல சூடா இருக்கு. ஆர் திருத்தினது?"

"நான்தான்" என்றேன். அந்த ஒரு சொல்லோடு நிறுத்தியிருக்கலாம். முடியவில்லை. சாடியை வெளியே வைத்தது, தறப்பாள் கட்டியது, ஐஸ், கொதிநீர், கருகின செடி... எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். கோபிப்பார் என்று காத்திருந்தேன்.

சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு இருமலாக மாறியது. நான் பதறிப்போய் முதுகைத் தடவினேன். இருமல் அடங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"போன வருஷம் நானும் அதைத்தான் செய்தனான்."

எனக்கு விளங்கவில்லை.

"அதே இடத்திலதான் வைச்சனான். சாக்கால மூடினனான். அந்தச் செடி செத்துப்போச்சு. இப்ப இருக்கிறது பிறகு வாங்கி வைச்சது. உமக்குச் சொல்ல வெக்கமா இருந்தது."

அதனால்தான் லோண்ட்ரி! அதுதான் அவர் காரணம் சொல்லாத காரணம்!

அப்போ டூல் பாக்ஸ்? இரண்டு மணி நேரம்? கிட்ட வராதேயும் என்ற உத்தரவு? மெதுவாகக் கேட்டேன். சாடியைத் தூக்கி அப்பால் வைக்க ஐந்து நிமிடம்தான் ஆனதாம். ஐஸ் உருகும்வரை வேலிப் பக்கம் இருந்து பேப்பர் படித்தாராம்.

அவர் அன்றைக்கே வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு இந்தப் பாடு வந்திருக்குமா? சண்டை பிடிக்க நல்ல இடம். ஆனால் மூன்று வாரமாக ஆளில்லாமல் கிடந்த கதிரையில் ஆள் இருந்தது. தொப்பி மடியில் இருந்தது. சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

பின்னேரம் லோண்ட்ரிக்குப் போய்ச் செடியின் தண்டை நகத்தால் கீறிப் பார்த்தேன். தோலுக்கு அடியில் பச்சை இருந்தது. வந்து சொன்னேன். வெயில் காலம் வரட்டும், துளிர்க்கும் என்றார்.

ஆகவே, அன்பான வாசகர்களே... கையால் ஏசி திருத்தத் தெரிந்த கணவன் வாய்ப்பது கொடுப்பினை என்று போன வருடம் இந்த இடத்தில் எழுதியதை முழுதாக வாபஸ் வாங்குகிறேன். கணவன் வீட்டுக்கு வருவதே கொடுப்பினை. ஏசியை நானே பார்த்துக்கொள்வேன்.